கதவுக்கு மேலே எ. ப்ரூஸ்டர்

பப் நடத்துகிறவரின் பெயர் வாசல் கதவுக்கு மேலே எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் டன்னிங்ஃபென் ஊரில் 'நாயும் வாத்தும்' பப்பின் கதவுக்கு மேலே முப்பத்தேழு வருஷமாக 'எ. ப்ரூஸ்டர்' என்று எழுதியிருந்தது. கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. அதற்குக் கீழே, பீர், சாராயம், புகையிலை ஆகியவற்றைச் சில்லறையில் விற்க உரிமம் பெற்றவர் என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

அந்த 'எ' என் தாத்தா எட்கார். ஆனால் அந்தப் பப்பை நடத்தியது என் அத்தை எட்னா. இதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோர்ட்டில் மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தா அந்தப் பப்பை எடுத்த வருஷம் பாட்டி இறந்துவிட்டார். எட்னா அத்தைக்கு அப்போது பதினைந்து வயது. என் அப்பா எர்னஸ்ட்டுக்கு ஆறு. அத்தை பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. தையல்கடையில் வேலைக்குச் சேர்வதாக இருந்தவர், அதற்குப் பதிலாக நிலவறைக்குள் இறங்கினார். பீர் பீப்பாயை மரத்தாங்கியில் ஏற்றி, மூன்று நாள் அசையாமல் அடங்க விட்டு, மேல்துளை ஆப்பைத் தளர்த்தி, அது எப்போது தெளியும் என்று மூக்காலேயே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார். வியாழக்கிழமை பீர் வரும் குழாய்களைக் கழுவுவார். வெள்ளிக்கிழமை தரையை உப்புப் போட்டுத் தேய்ப்பார். இடையில் என் அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பினார். தாத்தா கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களோடு பந்தயக் குதிரைகளைப் பற்றிப் பேசுவார். அவர் கெட்டவர் இல்லை. எழுந்திருக்காதவர், அவ்வளவுதான்.

போர் முடிந்த வருஷம் அத்தையைக் கட்டிக்கொள்ள ஒருவர் கேட்டாராம். ரயில்வேயில் சிக்னல் வேலை. லிங்கன் நகரத்துக்கு மாற்றலாகிப் போகிறவர். தாத்தா ஒன்றும் தடுக்கவில்லை. "போறதுன்னா போ. நிலவறச் சாவிய எங்க வெச்சிட்டுப் போவ, அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாராம். அத்தை போகவில்லை. இந்தக் கதையை அத்தை எனக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மட்டும்தான் சிரிக்கவில்லை.

புது ஆள் யாராவது வந்து, "ஓனர் எங்க?" என்று கேட்டால் அத்தை மேலே கையைக் காட்டுவார். "எ. ப்ரூஸ்டர்னு போட்டிருக்கில்ல? நாந்தான்." வழக்கமாக வருகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தாத்தாவும் சிரிப்பார். அது அந்தப் பப்பில் முப்பத்தேழு வருஷம் ஓடிய நகைச்சுவை. அத்தைக்கு அது நகைச்சுவையே இல்லை என்று எனக்குத் தெரிந்தது, தாத்தா போன பிறகுதான்.

போன அக்டோபரில் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுவாரம் பீர் கம்பெனிக்காரர் டூவிங் வந்தார். பப்பின் கட்டடம் கம்பெனிக்குச் சொந்தம். யாரை அதில் வைப்பது என்று கம்பெனி ஒரு பெயரைச் சொல்லும். பிப்ரவரி மாதம் கூடும் மாஜிஸ்திரேட்டுகள் அந்தப் பெயருக்கு உரிமம் தருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு எங்கள் நாட்டில் 'ப்ரூஸ்டர் அமர்வு' என்று பெயர். எங்கள் குடும்பப் பெயரேதான். ஏன் அப்படி ஒரு பெயர் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. சின்ன வயதில் நான் அது எங்களுக்காகவே நடத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

சமையலறையில் அத்தை, அப்பா, அம்மா, நான், டூவிங். அத்தை அவருக்குப் பன்றி இறைச்சி அடையும் ஊறுகாயும் வைத்தார்.

"கம்பெனிக்கு இதுல ஒரு பழக்கம் இருக்கு, மிஸ் ப்ரூஸ்டர்" என்றார் டூவிங். "கல்யாணமான ஆளா இருந்தா நல்லதுன்னு பாப்பாங்க. அவரு முன்னாடி நிப்பாரு. சம்சாரம் பின்னாடி எல்லாத்தையும் பாத்துக்கும்."

"முன்னாடியும் நாந்தான் நிக்கறேன், பின்னாடியும் நாந்தான் பாத்துக்கறேன். ஒரு ஆளு மிச்சம்னு எழுதிக்கங்க."

டூவிங் சிரித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க, எர்னி?"

"எனக்கெதுக்கு சார் இது? நான் லாரிக்காரன்" என்றார் அப்பா. அவர் வயலிலிருந்து சர்க்கரைக் கிழங்கை ஆலைக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறார். "நாள் பூரா நின்னுக்கிட்டு அடுத்தவன் பொண்டாட்டி சண்டையக் கேக்க என்னால ஆகாது. எட்னாதான் பாத்துக்கறா, எட்னாவே பாத்துக்கட்டும்."

"அப்ப அத ஒரு கடுதாசியா எழுதிக் குடுத்துருங்க. குடும்பத்துல ஆம்பள யாரும் கேக்கலன்னா நாங்க மிஸ் ப்ரூஸ்டர் பேரையே அனுப்பறோம். சின்ன கடதானே."

அப்பா அங்கேயே எழுதிக் கொடுத்தார். அத்தை அதை இரண்டு முறை படித்துப் பார்த்து, எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தச் சொன்னார். டூவிங் போன பிறகு வாசலுக்குப் போய் நின்று அண்ணாந்து பலகையைப் பார்த்தார். நானும் போய் நின்றேன்.

"பெயின்ட் செலவுகூட இல்ல பாரு" என்றார். "அதே எழுத்துதான்."

வாழ்க்கையில் அத்தை எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று அவர் முகத்தைப் பார்த்ததும், அந்தப் பலகையை மட்டும் அவர் எவ்வளவு நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் என்று புரிந்தது. மேலே இருப்பது அதே எழுத்தாகவே இருக்கட்டும். ஆனால் அது அவராக இருக்க வேண்டும்.

ஜனவரியில் வக்கீல் அலுவலகத்திலிருந்து மனு தட்டச்சாகி வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அத்தை அதை என்னிடம் உரக்கப் படிக்கச் சொன்னார். 'எட்னா ப்ரூஸ்டர், ஸ்பின்ஸ்டர்' என்று தொடங்கியது. எதுகைப் பாட்டு மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு அத்த இந்த ஸ்பின்ஸ்டர்?"

"எனக்குக் கல்யாணம் ஆகலன்னு கோர்ட்டுக்குத் தெரியணுமாம். உங்கப்பன் மனு போட்டா அவன் பேருக்குப் பின்னால லாரி ஓட்டுநர்னு போடுவாங்க. என் பேருக்குப் பின்னால இதப் போடறாங்க. முப்பத்தேழு வருஷமா நான் பாத்த வேல இதுதான் போல."

ப்ரூஸ்டர், ஸ்பின்ஸ்டர் இரண்டுக்கும் கடைசியில் ஒரே ஓசை வருவது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தைப் போன கோடையில்தான் விட்டேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் பஸ் ஏறி நகரத்து நூலகத்துக்குப் போனேன். குடும்பப் பெயர்களுக்கென்றே ஒரு தடித்த அகராதி அங்கே இருந்தது. வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள். நின்றுகொண்டே படித்தேன்.

அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நாட்டில் ஒருவர் செய்த வேலையே அவருடைய அடைமொழியாக இருந்தது. கொல்லர் ஜான், தச்சர் வில்லியம் என்று. பிறகு அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயராகிவிட்டது. பீர் காய்ச்சுகிற ஆண் 'ப்ரூவர்'. காய்ச்சுகிற பெண் 'ப்ரூஸ்டர்'. கடைசியில் வரும் 'ஸ்டர்' பெண் செய்கிற வேலைக்கான ஒட்டு. ரொட்டி சுட்டவள் பாக்ஸ்டர், தறி நெய்தவள் வெப்ஸ்டர், நூல் நூற்றவள் ஸ்பின்ஸ்டர். இந்தக் கடைசி வார்த்தை மட்டும் யாருக்கும் குடும்பப் பெயராகப் போகாமல், கல்யாணமாகாதவள் என்று ஆகி கோர்ட்டுக் காகிதத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காலத்தில் ஊருக்கெல்லாம் பீர் காய்ச்சியது பெண்கள்தான். வீட்டு அடுப்பில் காய்ச்சி, வாசலில் ஒரு கழியில் தழையைக் கட்டி நட்டு வைப்பார்கள். தழையைப் பார்த்து ருசி பார்க்கும் அதிகாரி வருவார். அளவு குறைந்தாலும் புளித்திருந்தாலும் அபராதம். அந்தப் பெண்களின் பெயர் இன்றைக்குத் தெரிவதே அபராதப் பட்டியலில் இருப்பதால்தான் என்று அகராதியில் போட்டிருந்தது. சில பட்டியலில் அதுவும் கிடையாது. காய்ச்சியது மனைவி, எழுதியிருப்பது புருஷன் பெயர்.

அத்தை நிலவறையில் குனிந்து பீப்பாயை முகர்ந்து பார்க்கும் காட்சி கண் முன்னால் நின்றது. எங்கள் பெயரே அத்தையின் பெயர்தான். உரிமம் தருகிற அமர்வின் பெயரும் அதேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குறிப்பின் கடைசியில் ஒரு வரி இருந்தது. எங்கள் பக்கத்திலும் வடக்கிலும் காய்ச்சுகிற ஆண்களையும் ப்ரூஸ்டர் என்றே அழைத்திருக்கிறார்கள் என்று. அந்த வரியைக் கண்ணால் பார்த்தேன். தாண்டிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை மதியம். பப் நிறைந்திருந்தது. சர்க்கரை ஆலை அந்தப் பருவத்துக்கு மூடப்போகிற சமயம், லாரிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பா கணப்புக்குப் பக்கத்தில் தன் கூட்டாளி பெர்சி லார்ட்டரோடு உட்கார்ந்திருந்தார். பெர்சிக்கு இரண்டாவது கோப்பையிலேயே குரல் கூடிவிடும்.

"அப்ப எட்னா, அடுத்த வாரத்துலேர்ந்து உன்னத்தான் முதலாளின்னு கூப்புடணுமா?" என்றார் பெர்சி. "பொம்பள பேருல கட. எங்கப்பாரு காதுல விழுந்தா குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்துருவாரு."

"வந்தா பழைய பாக்கிய முதல்ல வெச்சிட்டு உக்காரச் சொல்லு" என்றார் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பெர்சியின் வாயை அடைக்க என் கையில் ஓர் ஆயுதம் இருந்ததே, அதுதான் தப்பாகப் போயிற்று. நான் எழுந்து நின்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். ப்ரூவர் ஆண், ப்ரூஸ்டர் பெண், கழியில் தழை, அபராதம், எல்லாம். "அதனால எங்க பேரே பொம்பள பேருதான். பலகையில இத்தன நாளா இருந்ததும் அத்த பேருதான்."

அத்தை கையில் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

பிறகு பெர்சி மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார்.

"எர்னி… நாப்பத்தி மூணு வருஷமா பொம்பள பேர வெச்சிக்கிட்டா சுத்திக்கிட்டிருக்க?"

பப்பே அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள். "இன்னொரு கோப்ப ஊத்தும்மா, மிஸஸ் ப்ரூஸ்டர்!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். "ராணுவத்துல உன்ன எப்பிடிடா எடுத்தாங்க, பாவாடையோடவா?" என்றார் இன்னொருவர். அப்பாவும் சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது. கடை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்ட தம்பி, கவுன்டருக்குப் பின்னால் முதலாளியாகப்போகிற அக்கா, பொம்பளைப் பெயர். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

"விடுங்கடா, சின்னப் பொண்ணு ஏதோ படிச்சிட்டு வந்து சொல்லுது" என்றார் அத்தை. யாரும் விடவில்லை.

திங்கட்கிழமை சர்க்கரை ஆலையின் எடைமேடையில் லாரிகள் வரிசையில் நின்றபோது, அப்பா டீ குடிக்க இறங்கியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், லாரிக் கண்ணாடியில் பூப்போட்ட சமையல் ஏப்ரன் ஒன்று கட்டித் தொங்கவிட்டிருந்தது. எடைச்சீட்டில் 'திருமதி எ. ப்ரூஸ்டர்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வரிசை முழுக்க ஹாரன் அடித்தார்களாம்.

அப்பா வீட்டுக்கு வந்து அந்த ஏப்ரனைச் சாப்பாட்டு மேசையில் எறிந்தார். குழம்புப் பாத்திரத்தில் அதன் நாடா விழுந்தது.

"சந்தோஷமா?" என்று என்னைக் கேட்டார்.

"அப்பா, அது சும்மா ஒரு பழைய வார்த்த…"

"பழைய வார்த்தையா? நாளைக்கு அவ பேரு மேல ஏறட்டும், அப்பறம் பாரு. அக்கா கட நடத்தறா, தம்பி அவ கடையில குடிக்கறான். இந்த ஊர்ல நான் எங்க தலகாட்டறது?"

"கடுதாசி எழுதிக் குடுத்துட்டீங்களே" என்றார் அம்மா.

"எழுதுனவன் கிழிக்கவும் செய்வான்."

அப்போதாவது அந்தக் கடைசி வரியைச் சொல்லியிருக்கலாம். ஆண்களுக்கும் அதே பெயர் இருந்தது அப்பா, புத்தகத்திலேயே இருக்கிறது என்று. என் வாயில் வந்துவிட்டது. ஆனால் சொன்னால் நான் பாதியைத்தான் சொன்னேன் என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு ஏப்ரன் நாடாவைக் குழம்பிலிருந்து எடுத்தேன்.

அப்பா மறுநாள் வேலைக்குப் போகாமல் கம்பெனிக்குப் போனார். மாலைக்குள் டூவிங் தொலைபேசியில் அத்தையைக் கூப்பிட்டுவிட்டார். குடும்பத்தில் ஓர் ஆண் கேட்கிறார், ஆகையால் கம்பெனி அவர் பெயரைத்தான் அனுப்பும் என்றார். அத்தை, "அப்பிடியா" என்றாராம். "நான் போட்ட மனுவ நான் திரும்ப வாங்கிக்க மாட்டேன், டூவிங். கோர்ட்டே சொல்லட்டும்."

ப்ரூஸ்டர் அமர்வு நகரத்துக் கோர்ட்டில் புதன்கிழமை காலையில் கூடியது. மின்சாரத்தை மிச்சம்பிடிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த சமயம். உள்ளே கணப்பு இல்லை. மூன்று மாஜிஸ்திரேட்டுகளும் கோட்டோடும் கழுத்துத்துண்டோடும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். அத்தை தாத்தாவின் அடக்கத்துக்கு வாங்கிய கறுப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்பாவும் அம்மாவும் ஒரு பெஞ்சில், அத்தையும் நானும் வேறொரு பெஞ்சில். பெர்சியும் லாரிக்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

கம்பெனி கடைசி நேரத்தில் கொடுத்த அப்பாவின் மனு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கம்பெனி சிபாரிசு, போலீசுக்கு ஆட்சேபம் இல்லை, கல்யாணமானவர். பிறகு அத்தையைக் கூப்பிட்டார்கள்.

"உங்களுக்கு இந்தத் தொழில்ல என்ன அனுபவம், மிஸ் ப்ரூஸ்டர்?"

"முப்பத்தேழு வருஷம், சார்."

"யாரு பேருல?"

"எங்கப்பா பேருல."

"அப்ப அது அவரோட அனுபவம் இல்லியா?"

அத்தை தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "பீப்பாய அவரு தொட்டதில்ல சார்" என்றார்.

"அவர் பேருல ஒரு புகார்கூட வந்ததில்ல. பதிவேட்டுல அப்பிடித்தான் இருக்கு. உங்க பேருல…" என்று மேஜர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், "உங்க பேருல ஒண்ணுமே இல்ல. சரி, குடிச்சிட்டு ஒருத்தன் சண்ட போட்டா நீங்க தனியா என்ன பண்ணுவீங்க?"

"வெளிய தள்ளுவேன். இதோ உக்காந்திருக்காரே பெர்சி லார்ட்டர், அவரையே நாலு தடவ தள்ளியிருக்கேன்."

"அஞ்சு!" என்றார் பெர்சி பின்னாலிருந்து.

கோர்ட்டே சிரித்தது. மேஜரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அத்தைக்குக் கிடைத்துவிடும் என்று ஒரு கணம் நினைத்தேன். மூவரும் தலையைக் குனிந்து குசுகுசுவென்று பேசினார்கள். அவர்களிடமாவது அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லிவிட, பெஞ்சு முனக நான் பாதி எழுந்தேன். அத்தை என் பக்கம் திரும்பாமலே பின்னால் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். உட்கார்.

மேஜர் நிமிர்ந்தார். "கம்பெனியோட விருப்பத்தையும் நாம பாக்கணும். உரிமம் திரு. எர்னஸ்ட் ப்ரூஸ்டருக்கு. ப்ரூஸ்டர் அமர்வுல ஒரு ப்ரூஸ்டருக்கு உரிமம் குடுக்கறதுல எனக்கும் ஒரு சந்தோஷம்தான். பேரு அப்பிடியே இருக்கு பாருங்க, மிஸ் ப்ரூஸ்டர். உங்களுக்கும் அது ஆறுதலா இருக்கணும்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே படியில் நான் அழுதேன். "நான் சொல்லாம இருந்திருந்தா உங்களுக்குக் கெடச்சிருக்கும், அத்த."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி ஊசியை அதில் குத்தி வைத்தார். "லைப்ரரியில இருந்தத லைப்ரரியிலயே விட்டுட்டு வந்திருக்கலாம், ஜில்" என்றார். பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தெரியாத ஊரைப் பார்ப்பதுபோல எங்கள் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்று வாரம் அத்தை அங்கேயே இருந்து அம்மாவுக்கு நிலவறை வேலையைக் காட்டிக்கொடுத்தார். அப்பா கேட்டதால் இல்லை. பீர் கெட்டுவிடும் என்பதால். அப்பா லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு, புதுச் சட்டை வாங்கி, தாத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பெர்சியும் மற்றவர்களும் அவரை முதலாளி என்றே கூப்பிட்டார்கள். ஏப்ரன் கதையை யாரும் எடுக்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு வாரத்து விளையாட்டு. முடிந்துவிட்டது.

அந்த மூன்றாவது வாரம் பலகை எழுதுகிற அட்டிங் ஏணியோடு வந்தார்.

"எதுக்கு இவரு?" என்றார் அத்தை. "எழுத்து அதேதானே."

"முழுப் பேரு எழுதணும்" என்றார் அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல். "வெறும் எ-ன்னு இருந்தா யாரு வேணாலும் நாந்தான்னு சொல்லிக்கலாம்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அத்தை வாசற்படியில் நின்றார். கையில் குழாய் கழுவும் வாளி. அட்டிங் பாதி ஏணி ஏறி, பலகையை அளந்து பார்த்துவிட்டுக் கீழே குனிந்தார்.

"எட்னா, எர்னஸ்ட்டுக்கு E-க்கு அடுத்த எழுத்து A-வா, R-ஆ? சிலபேரு A போடறாங்க. எழுதிட்டுத் திருப்பி அழிக்க முடியாது, அதான் கேக்கறேன்."

அத்தை வாளியைக் கீழே வைத்தார். அப்பா உள்ளே இருந்தார். கேட்டிருக்க மாட்டார். அத்தை ஒரு எழுத்தைத் தப்பாகச் சொன்னால் போதும், ஊரே இன்னொரு முறை சிரிக்கும். சொல்லுங்கள் அத்தை, சொல்லுங்கள் என்று என் மனசுக்குள் கத்தினேன்.

"R" என்றார் அத்தை. "A கெடையாது. நாந்தான் அவனுக்கு எழுதக் கத்துக் குடுத்தேன். ஆறு வயசுல, அந்தக் கவுன்டர் மேல, சிந்துன பீருல விரலால." பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அட்டிங் சாக்கட்டியால் குறித்துக்கொண்டார்.

"பழைய எ நல்லாத்தான் இருக்கு. அத அப்பிடியே விட்டுட்டு மிச்சத்த நெருக்கிப் போட்டுடறேன்" என்றார் அட்டிங்.

அதனால் இப்போதும் அந்தப் பலகையைப் பார்த்தால் முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கும். எர்னஸ்ட்டின் மற்ற எழுத்தெல்லாம் புள்ளி இருந்த இடத்தில் இடம் போதாமல் ஒடுங்கி நிற்கும்.

அத்தை அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு விதவையின் வீட்டில் ஓர் அறை. பட்டாணியை டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. ஓடுகிற பட்டையில் கெட்ட பட்டாணியைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பப் பக்கம் வருவதில்லை.

இங்கே அம்மா ஆறு மணிக்கு எழுந்து நிலவறைக்குப் போகிறார். குழாய் கழுவும் மருந்தில் அவர் விரல் நுனியெல்லாம் உரிந்துவிட்டது. அப்பா கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து குதிரைகளைப் பற்றிப் பேசுகிறார். போன வாரம், "நீயும் சும்மாதானே இருக்க, உங்கம்மாகிட்ட கத்துக்கயேன்" என்றார். நான் வெளியூரில் வேலை கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

நேற்று மாலை தொழிற்சாலை வாசல் பஸ் நிறுத்தத்தில் அத்தையைப் பார்த்தேன். வெள்ளை அங்கி, தலையில் வலை. கை பச்சையாக இருந்தது.

"நெலவறை எப்பிடி இருக்கு? சூடு ஏறாம பாத்துக்கறாளா உங்கம்மா?"

"பாத்துக்கறாங்க அத்த."

"குழாய் கழுவறப்ப கையொற போடச் சொல்லு. நான் சொல்ல மறந்துட்டேன்."

நான் தலையாட்டினேன். அந்தக் கடைசி வரியைப் பற்றி, ஆண்களுக்கும் அந்தப் பெயர் இருந்ததைப் பற்றி, அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை அங்கிப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். காலையிலும் மாலையிலும் கடிகாரப் பெட்டியில் செருகி நேரம் குத்துகிற அட்டை. மேலே தட்டச்சில் 'எ. ப்ரூஸ்டர்' என்று இருந்தது.

"இங்கயும் ஒரு எழுத்துதான்" என்றார். "ஆனா இங்க வேற எ யாரும் கெடையாது. நான் மட்டுந்தான்."

பஸ் வந்தது. அட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறிவிட்டார்.